பவளத்தை உயிரோடு பார்சலில் அனுப்புவது: பேக்கிங் முறையும் கவனிக்க வேண்டியவையும்

கடல்நீர்த் தொட்டியில் வளர்த்து ஆன்லைனில் விற்ற பவளம் வாங்கியவர் கைக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டுமென்றால், பேக்கிங் செய்யும் அன்றைய வேலையைவிட அதற்கு முந்தைய இரண்டு வாரத்து வேலைதான் முக்கியம். வழியில் பவளம் சாவது பெரும்பாலும் மூச்சு முட்டி அல்ல. தன் சளியிலும் கழிவிலுமே ஊறிச் சாகும். சூடோ குளிரோ தாங்காமல் சாகும். அல்லது தன் எலும்புக்கூட்டின் விளிம்பிலேயே சதை கிழிந்து சாகும். நாங்கள் பேக் செய்யும் முறை இந்த மூன்றையும் தடுப்பதற்காகவே அமைந்தது.

புதிதாக வெட்டிய ஃப்ராக்கை (தாய்ப் பவளத்திலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டை) அனுப்புவதே இல்லை. வெட்டுவாய் ஆறி, அடிப்பகுதி ப்ளக்கின் (ஒட்டி வைக்கும் சிறு காம்புள்ள வில்லையின்) மேல் படர ஆரம்பிக்கும்வரை தொட்டியிலேயே இருக்கும். மாண்டிபோரா, அக்ரோபோரா போன்ற கல் பவள வகைகளுக்கு இரண்டு வாரமாவது ஆகும். பச்சைப் புண்ணிலிருந்து சளி வழிந்துகொண்டே இருக்கும். பைக்குள் இருக்கும் கொஞ்ச நீரில் அந்தச் சளியைத் தின்று பாக்டீரியா பெருகும். நீரிலுள்ள ஆக்சிஜனை அவையே தீர்த்துவிடும். ப்ளக்கில் ஒட்டியது உறுதியாக இருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பார்த்துவிட வேண்டும். வழியில் கழன்ற ஃப்ராக் பைக்குள் உருண்டு உருண்டே தோலுரிந்து போகும்.

பூச்சி, புழுவுக்கான மருந்துக் குளியலை மூன்று நான்கு நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது. அனுப்பும் அன்று மருந்தில் முக்கினால், அந்த அதிர்ச்சியோடேயே பயணமும் சேர்ந்துகொள்ளும். கடைசி 48 மணி நேரம் தீனி கிடையாது. வாய் பெரிதான எல்பிஎஸ் (பெரிய பாலிப் உள்ள கல் பவள) வகைகளுக்கு இதில் சலுகையே கூடாது: முந்தின நாள் தின்ற இறால் துண்டைப் பாதி செரித்த நிலையில் பைக்குள் கக்கிவிடும், காலைக்குள் அந்த நீர் நாறிவிடும்.

பேக்கிங்குக்கான நீரைத் தொட்டியிலிருந்து எடுப்பவர்கள் உண்டு. தொட்டி சுத்தமாக இருந்தால் அதில் பெரிய தவறில்லை. ஆனால் தொட்டி நீரில் மிதக்கும் அழுக்கும் நுண்ணுயிர்களும் பைக்குள் ஆக்சிஜனுக்குப் போட்டியிடும். அதனால் முந்தின நாளே ஆர்ஓ நீரில் உப்புக் கலந்து, 24 மணி நேரம் பம்ப் ஓடவிட்டு எடுப்பது பாதுகாப்பு. உப்பளவு 35 பிபிடி (ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026, வெப்பநிலை 25 டிகிரி. இரண்டும் தொட்டியோடு பொருந்த வேண்டும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி அளவுக் கரைசலில் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும்.

பேக்கிங்கை கூரியர் எடுக்க வரும் நேரத்தை ஒட்டித்தான் தொடங்க வேண்டும். காலையிலேயே கட்டி மாலைவரை மேசையில் வைத்திருந்தால், பயணம் தொடங்கும் முன்பே ஏழெட்டு மணி நேரம் வீணாகிவிடும்.

அதிக நிதானம் தேவைப்படுவது டார்ச், ஹாமர் போன்ற யூஃபிலியா வகைகளுக்கு. விரிந்திருக்கும்போது அவற்றின் சதைக்குள் நீர் நிரம்பியிருக்கும். அப்படியே வெளியே தூக்கினால் நீரின் கனம் முழுவதும் சதையை இழுக்கும். அடியில் இருக்கும் எலும்புத் தகடுகளின் விளிம்போ கத்தி போல. கண்ணுக்கே தெரியாத ஒரு கிழிசல் போதும், அதில் கிருமி ஏறி, இரண்டு மூன்று நாளில் பழுப்புக் கூழாக உருகத் தொடங்கும். வாங்கியவர் தன் தொட்டி நீரைச் சந்தேகிப்பார். உண்மையில் அது தூக்கும்போதே பட்ட காயம். எனவே முதலில் பம்பை நிறுத்துகிறோம். கையால் நீரை மெல்ல அலைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுகிறோம். விரல் போன்ற உணர்விழைகள் முழுக்க உள்ளே போய், எலும்பின் விளிம்பு வெளியே தெரிந்த பிறகுதான் தண்டின் அடியைப் பிடித்துத் தூக்குகிறோம். சதைமேல் விரலே படக்கூடாது. புது உப்பு நீர் உள்ள டப்பில் ஒருமுறை அலசி, ப்ளக்கை ஒரு சிறு தெர்மாகோல் துண்டோடு ரப்பர் பேண்டால் கட்டுகிறோம். பையில் போட்டதும் தெர்மாகோல் மேலே மிதக்கும், பவளம் தலைகீழாக நீருக்குள் தொங்கும். பெட்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சதை பையின் சுவரில் உராயாது. தெர்மாகோல் துண்டு சிறிதாக இருந்தால் ப்ளக்கின் எடையில் மூழ்கிவிடும். ஒரு வாளியில் மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டே பையில் போட வேண்டும்.

சின்ன எஸ்பிஎஸ் (அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் உள்ள கல் பவள) ஃப்ராக்குகளுக்கு மூடியுள்ள 120 மில்லி பிளாஸ்டிக் கப் வசதி. கப்பின் அடிக்கு அளவாக வெட்டிய பிளாஸ்டிக் கிரில் துண்டில் ப்ளக்கின் காம்பைச் செருகிவிட்டால் ஆடாது. முக்கால் பங்கு நீர், கால் பங்கு காற்று. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கப்பை ஒரு பைக்குள் போட்டுக் கட்ட வேண்டும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இந்தப் பையை விடக்கூடாது.

ஸோவாந்தஸ், பாலித்தோவா என்ற மென் பவள வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. அழுத்தினால் நீர் பீய்ச்சி நேரே கண்ணில் படும். இவை வளர்ந்த கல்லையோ ப்ளக்கையோ கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்வதும் ஆபத்து, அந்த ஆவியைச் சுவாசித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. வாங்குபவருக்கும் இதை எழுதி அனுப்புவது நம் பொறுப்பு.

லெதர் பவளம் அவ்வப்போது சுருங்கி, மெழுகு போன்ற மேல்தோலை உரிக்கும். அந்த நேரத்தில் ஆர்டர் வந்தால் தேதியைத் தள்ளிப்போடுவதே சரி. உரித்து முடித்து விரிந்த பிறகு, தனிப்பையில், மற்றவற்றைவிட அதிக நீரோடு அனுப்பலாம். எந்த வகையானாலும் ஒரு பைக்கு ஒரு பவளம்தான். ஒன்று செத்தால் அதே நீரில் இருக்கும் மற்றதும் சாகும்.

பை 0.1 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கட்டும். பாதி நீர், பாதி காற்று. கழுத்தை முறுக்கி, மடித்து, ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்ற வேண்டும். அதைத் தலைகீழாக இரண்டாவது பைக்குள் இறக்கிக் கட்டினால், ஒரு முடிச்சு கசிந்தாலும் மற்றது காக்கும். அக்ரோபோராவின் முனை பையைக் குத்தும் என்பதால் இரண்டு பைகளுக்கும் நடுவே செய்தித்தாள் ஒரு சுற்று. விமானத்தில் போகும் பார்சலென்றால் பையை விறைப்பாக ஊதக்கூடாது. விமானத்துக்குள் அழுத்தம் தரையைவிடக் குறைவு. பையிலுள்ள காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியும். விரலால் அழுத்தினால் குழி விழும் அளவே போதும்.

பெட்டிக்கு 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாத தெர்மாகோல் சுவர், வெளியே அட்டைப்பெட்டி, உள்ளே முழுவதையும் மூடும் ஒரு பெரிய பை. காலி இடம் எங்கும் இருக்கக்கூடாது, செய்தித்தாளைக் கசக்கி அடைத்துவிட வேண்டும். மூடிய பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பத்து நிமிடம் வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. 'இந்தப் பக்கம் மேலே' என்ற ஸ்டிக்கரை நம்பிப் பேக் செய்யக்கூடாது.

வெப்பநிலை 22 முதல் 26 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. குளிரைவிட வேகமாகக் கொல்வது சூடுதான்: நீர் சூடாக ஆக ஆக்சிஜன் குறையும், பவளத்தின் தேவையோ கூடும். ஹீட் பேக் என்பது இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது வரும் சூடு. காற்று இல்லையென்றால் அணைந்துவிடும். ஆகவே அனுப்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே பிரித்து வெளியே வைத்து, சூடேறியதை உறுதி செய்துகொண்டு, செய்தித்தாளில் சுற்றி மூடியின் உட்புறம் ஒட்ட வேண்டும். காற்றை உறிஞ்சும் பக்கத்தில் டேப் படக்கூடாது. பெட்டியில் பென்சில் நுழையும் அளவு இரண்டு ஓட்டை வேண்டும். வெயில் காலத்தில் குளிரவைத்த ஜெல் பேக். அதையும் தடிமனாகத் தாளில் சுற்றாமல் வைத்தால் பக்கத்துப் பை ஜில்லென்று ஆகிவிடும். புதுப் பெட்டி வாங்கினால் வெறும் உப்பு நீர்ப் பைகளோடு ஒரு தெர்மோமீட்டரை உள்ளே போட்டு ஒரு நாள் விட்டுப் பார்ப்பது அவசியம்.

வார இறுதிக்கு முன் அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும். நாடு விட்டு நாடு அனுப்புவதென்றால், கல் பவளங்கள் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைடீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் ஏற்றுமதி அனுமதி கட்டாயம்.

வாங்குபவருக்கு அனுப்பும் குறிப்பில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சொட்டுச் சொட்டாக நீர் விட்டு மணிக்கணக்கில் பழக்க வேண்டாம். மூடிய பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஹெச் (அமில-கார அளவு) இறங்கியிருக்கும். அதனால் அம்மோனியா நஞ்சு குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் பிஹெச் ஏறி அது மீண்டும் நஞ்சாகும். எனவே திறக்காமலேயே பையைப் படம் எடுத்துவிட்டு, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு திறந்து மருந்துக் குளியல் கொடுத்துத் தொட்டியில் வைக்கலாம். பை நீரைக் கொட்டிவிட வேண்டும். முதல் சில நாட்கள் வெளிச்சம் குறைவாக இருக்கட்டும். எஸ்பிஎஸ் ஃப்ராக்கின் அடியிலிருந்து தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தால் மறுநாள்வரை பார்க்கலாம் என்று விடக்கூடாது. உரிந்த கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, நல்ல சதை இருக்கும் இடத்தில் வெட்டி, அந்தத் துண்டை உடனே புது ப்ளக்கில் ஒட்டிவிட வேண்டும்.