எக்ஸ்ரேயில் தெரியாத பங்கசு

பெப்ரவரி 18, மட்டக்களப்பு

இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய படுவான்கரை ஐயாவுக்கு ஐந்தாம் நாளாகவும் காய்ச்சல். அன்டிபயோட்டிக் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கிருமியோடு போராடும் வெள்ளணுவான நியூட்ரோபில் 100க்கும் கீழே. ஒள்ளம் இருமல், மூச்சை இழுத்தால் வலப்பக்கம் குத்துகிறதாம். நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் மகனுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. வெள்ளணுக்கள் வற்றிய உடம்பில் பங்கசு (பூஞ்சை) நுரையீரலைத் தின்றுகொண்டிருந்தாலும் ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். சீ.ரீ. ஸ்கேன் கேட்டிருக்கிறேன். (மகனிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

பெப்ரவரி 19

வலது மேல்மடலில் ஒரு முடிச்சு. நிலா கோட்டை கட்டியதுபோல அதைச் சுற்றி மங்கலான வளையம். பங்கசு இரத்தக்குழாய்க்குள் புகுந்ததால் கசிந்த இரத்தம் அது. பெரும்பாலும் அஸ்பெர்ஜிலஸ் என்ற பங்கசு, ஆனால் மியூக்கோர் என்ற வேறொரு பங்கசும் இப்படிக் காட்டலாம், காசநோயையும் தள்ளிவிட முடியாது. இந்த வளையம் ஒரு வாரத்துக்குள் மங்கிவிடும் என்பதால்தான் சீ.ரீ.க்கு இவ்வளவு அவசரப்பட்டேன்.

அஸ்பெர்ஜிலஸின் சுவரிலுள்ள கலக்டோமனன் என்ற பொருளைத் தேடும் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தபிறகே பங்கசு மருந்தான வொரிகொனசோல் ஏற்றினோம். மருந்து முந்தினால் பரிசோதனை பிடிக்காமல் போகலாம். அதற்காக, முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்கவும் கூடாது.

"களவெட்டியில நின்டதாலயா டொக்டர்?" என்று மகன் கேட்டார். சூடடிப்புத் தூசியிலும் பழைய வைக்கோலிலும் இதன் வித்திகள் ஏராளம்தான். ஆனால் 2, 3 மைக்ரோன் அளவேயான அவற்றை எல்லோருமே தினமும் சுவாசிக்கிறோம். எந்த நாளில் உள்ளே போனதென்று யாராலும் சொல்ல முடியாது, உங்களை நீங்களே குற்றம் சொல்லவேண்டாம் என்றேன்.

பெப்ரவரி 21

இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறைவு, ஊசி குத்தித் தசை எடுக்கப் பயம். குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி நீர் எடுத்தார்கள். நுணுக்குக்காட்டி, வளர்ப்பு, கலக்டோமனன், காசநோய்ப் பரிசோதனை எல்லாம் கேட்டோம். வளர்ப்பில் ஒன்றும் முளைக்காவிட்டாலும் நோய் இல்லையென்று ஆகாது. கலக்டோமனன் மியூக்கோரைக் காட்டாது. ஒரே பரிசோதனையை நம்பி இருக்க முடியாத நோய் இது.

பெப்ரவரி 27

கழுவிய நீரில் கலக்டோமனன் 3.2, 1.0 தாண்டினாலே கணக்கில் எடுக்கவேண்டும். அஸ்பெர்ஜிலஸ் போலக் குறுக்குச்சுவருள்ள, கூர்ங்கோணத்தில் கிளைத்த இழைகளும் தெரிந்தன. காசநோய் இல்லை. தசை பார்க்காததால் 'உறுதி' என்று எழுத முடியாது. 'பெரும்பாலும் அஸ்பெர்ஜிலஸ்' என்று எழுதினேன். சிகிச்சைக்கு அது போதும்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. "மகள், கண்ணுக்குள்ள வெளிச்சம் மின்னுது" என்றார் ஐயா. அது வொரிகொனசோலின் வேலை. அநேகமாகத் தானாகவே போய்விடும்.

நியூட்ரோபில் ஏறும்போது சீ.ரீ.யில் புண் முதலில் பெருத்துத் தெரியலாம், அதை மட்டும் வைத்து மருந்தை மாற்றவேண்டாம் என்று அடுத்து வருகிற டொக்டர்களுக்காக நோயாளியின் டிக்கட்டில் (குறிப்பேட்டில்) எழுதி வைத்தேன்.