நிறம் மாறாத மோர் உப்பு

பி.எஸ்சி. முதலாண்டில் மோர் உப்பு தயாரிக்கச் சொன்னார்கள். குடிக்கும் மோருக்கும் இதற்கும் தொடர்பில்லை; மோர் (Mohr) என்பது ஒரு வேதியியலாளரின் பெயர். பெர்ரஸ் சல்பேட்டையும் அம்மோனியம் சல்பேட்டையும் சம மோல் அளவில் சேர்த்துப் படிகமாக்கும் இரட்டை உப்பு இது. எனக்கு அது இரண்டாம் தடவையில்தான் சரியாக வந்தது.

தொடக்கப் பொருள் பெர்ரஸ் சல்பேட். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்களே, அதே உப்புதான். ஆய்வகப் புட்டியைத் திறந்தால் மேலாக மஞ்சளும் பழுப்புமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. ஈரக்காற்று பட்டுப் பட்டு பெர்ரஸ் இரும்பு (Fe²⁺) ஆக்சிஜனேற்றம் அடைந்து பெர்ரிக்காக (Fe³⁺) மாறியதன் அடையாளம் அது. பொருக்கை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்த பச்சைப் படிகத்தில் 7 கிராம் எடுத்தேன்.

இங்கே வாய்பாட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு இரும்பு, ஒரு சல்பேட், கூடவே ஏழு நீர் மூலக்கூறுகள். ஏழையும் சேர்த்தால்தான் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 278 கிராம். நீரை விட்டுவிட்டு 152 என்று கணக்குப் போட்டால், சுமார் 3.3 கிராம் போதுமான அம்மோனியம் சல்பேட் 6 கிராமைத் தாண்டிவிடும். பக்கத்து மேசைத் தோழிக்கு அப்படித்தான் ஆனது.

என் தவறு வேறு. சில மில்லி நீர்த்த கந்தக அமிலத்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று அதை விட்டுவிட்டு, வெறும் வெந்நீரில் கரைத்தேன். கொஞ்ச நேரத்தில் கரைசல் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. அமிலம் இல்லாத நீரில் பெர்ரஸ் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வேகமாக வினைபுரியும். பெர்ரிக் ஆனதும் நீரோடு வினைபுரிந்து (நீராற்பகுப்பு) பழுப்பு வீழ்படிவாகிவிடும். அத்தனையும் கொட்டவேண்டியதாயிற்று.

மறுவாரம் நீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, முதலில் அமிலத்தைச் சேர்த்தேன். அப்புறம்தான் உப்புகள். வடிகட்டிய கரைசலைப் பீங்கான் கிண்ணத்தில் இளஞ்சூட்டில் வற்றவைத்தேன். கண்ணாடிக் குச்சியை முக்கி எடுத்து ஊதினால் நுனியில் மெல்லிய படலம் பூக்கும், அதுதான் பதம். அதற்கு மேல் ஒரு நிமிடமும் சூடாக்கக் கூடாது. கிண்ணத்தை மூடி, ஆடாமல் அசையாமல் இரவு முழுக்க வைத்தேன்.

காலையில் வெளிர் நீலப்பச்சையில், ஓரங்கள் கூராக, படிகங்கள்! குளிர்ந்த ஆல்கஹால் கலந்த நீரில் சற்றே அலசி, வடிதாளுக்கிடையே ஒற்றி உலர்த்தினேன். அடுப்பில் வைத்தால் மோர் உப்பின் வாய்பாட்டிலுள்ள ஆறு நீர் மூலக்கூறுகளும் போய்விடும். கணக்குப்படி 9.9 கிராம் வரவேண்டும். எனக்குக் கிடைத்தது 6.9.

பழைய பொருக்கில் துளியை அமிலத்தில் கரைத்து, பெர்ரிக் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் தயோசயனேட் கரைசலை விட்டதும் இரத்தச் சிவப்பு. என் படிகத்தில் இளஞ்சிவப்புச் சாயல் மட்டுமே. அம்மோனியம் அயனி இந்த இரட்டை உப்பை லேசான அமிலத்தன்மையில் வைத்திருப்பதால் இரும்பு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை. அடுத்த பருவத்தில் பெர்மாங்கனேட் கரைசலின் செறிவைத் தரம்பார்க்க என் மோர் உப்புப் புட்டியைத் திறந்தேன். பச்சை அப்படியே இருந்தது.