நாலு டிராக்கிலிருந்து நேராக எல்பிக்கு

ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனமான டாய்ச்ச கிராமஃபோன் தன் பழைய பதிவுகளை மறுபடி எல்பியாக (வினைல் இசைத்தட்டாக) வெளியிடும் ‘ஒரிஜினல் சோர்ஸ்’ வரிசையில் 2023இல் வந்த, இசையமைப்பாளர் மாலரின் 5ஆம் சிம்பொனியைத்தான் இப்போது திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நடத்துநர் கரயான், பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு, 1973 பதிவு. அப்போது நாலு தனித்தனி ஒலித்தடங்கள் (டிராக்) கொண்ட டேப்பில் பதிந்து, அதை இரண்டு தடமுள்ள ஸ்டீரியோ டேப்பாக மாற்றி, அதிலிருந்துதான் எல்பி வெட்டினார்கள்; இப்போது எமில் பெர்லினர் ஸ்டுடியோவில் ஒலிப்பொறியாளர் ரைனர் மைலார்ட் அந்த நடுப் பிரதியையே தூக்கிவிட்டு, மூல டேப் ஓட ஓட அப்படியே கலந்து, தட்டில் பள்ளம் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புகிறார், டிஜிட்டல் எங்கேயும் நுழைவதில்லை. பலன் சிம்பொனியின் மெதுவான நாலாம் பகுதியான அடாஜியெட்டோவில் தெரியும்: வயலின்களுக்கு அடியில் அந்த ஹார்ப்பின் ஒவ்வொரு நரம்பும் தனியாக அதிர்ந்து அடங்குகிறது. விலை அதிகம்தான், ஆனாலும் வாங்குங்கள்.