அடையாற்றின் களிமண் கடலைத் தொட்டதும் ஏன் திரள்கிறது?

மழைக்காலத்தில் அடையாறு கலங்கி ஓடும்போது அந்த நீரிலுள்ள மிக நுண்ணிய களிமண் துகள்கள் நாள்கணக்கில் படியாமல் மிதக்கக்கூடியவை; ஆனால் முகத்துவாரத்தில் கடல்நீர் கலந்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுபோலத் திரண்டு கீழே இறங்குகின்றன. இந்த மாற்றத்துக்கு உப்பே காரணம் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மிக அருகில் வரும் இரண்டு துகள்களை வான் டெர் வால்ஸ் விசை ஈர்க்கிறது. களிமண் துகளின் பரப்பில் எதிர் மின்னேற்றம் இருப்பதால் நீரிலுள்ள நேர் அயனிகள் அதைச் சூழ்ந்து ஓர் அடுக்காக நிற்கின்றன. இரு துகள்களின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது எழும் விலக்கம், ஈர்ப்பு வலுப்பெறும் தொலைவுக்கு அவை வருவதைத் தடுக்கிறது. லிட்டருக்கு ஒரு மில்லிமோல் (சுமார் 0.06 கிராம்) சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு, கரைந்த நீரில் இந்த அடுக்கு ஏறத்தாழ 10 நானோமீட்டர் தடிமன் கொண்டது. அயனிகள் மிகுந்த கடல்நீரிலோ அரை நானோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. அதன்பின் மோதும் துகள்கள் பிரிவதில்லை. டெர்யாகினும் லாண்டாவும் 1941-இலும், வெர்வேயும் ஓவர்பீக்கும் 1948-இலும் வெளியிட்ட கோட்பாடு இதைத்தான் கணக்கிட்டுக் காட்டியது.

அயனியின் மின்னேற்றம் கூடக்கூடத் துகள்களைத் திரளச் செய்யத் தேவைப்படும் உப்பின் அளவு வெகுவாகக் குறையும். குடிநீர்ச் சுத்திகரிப்பில் படிகாரம் சேர்ப்பதற்கு இது ஒரு காரணம் மட்டுமே. அதிலுள்ள, மின்னேற்றம் மிகுந்த அலுமினியம் நீரில் ஹைட்ராக்சைடாக மாறித் துகள்களைத் தன்னுள் வாரிக்கொண்டும் படிகிறது. அளவு மிஞ்சினால் துகளின் எதிர் மின்னேற்றமே நேர் மின்னேற்றமாக மாறி, நீர் மீண்டும் கலங்கலாகவே நின்றுவிடக்கூடும்.