அப்பப்பாவின் ஐம்பத்துமூன்று மணி

நவம்பர் 2 என்றாலே திருகோணமலையில் மழைதான். சகல ஆத்துமாக்கள் திருநாளைக் கொண்டுபோய் மாரிக்குள் வைத்தது ஆர் என்று அப்பப்பா வருஷா வருஷம் புறுபுறுப்பார். ஆனால் விடிய நாலு மணிக்கே வெளிக்கிட்டு, குடையும் கையுமாக விறாந்தையில் நிற்பவரும் அவர்தான். இந்த முறை அந்தக் குடையை நான் கொண்டுபோனேன். முறிந்த கம்பி ஒன்றை மீன் வலை நூலால் சுற்றிக் கட்டியிருக்கிறார். இருபது முடிச்சாவது இருக்கும்.

அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. 2023இல், எண்பத்தெட்டு வயதில். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது ஏழு வயதுப் பிள்ளை. 1957 ஒக்டோபரில் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது டொக்யாட்டில் வேலை. இவை இரண்டையும் சொல்லாமல் அவர் ஒரு விருந்தாளியையும் அனுப்பியதில்லை.

காலைப் பூசை புனித மரியாள் பேராலயத்தில். 1852இல் எழுந்த அந்தக் கோயிலின் வான நீல முகப்பு மழையில் நனைந்து இன்னும் ஒரு படி கருநீலமாய் நின்றது. இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். நீண்ட பட்டியல். அவருடைய ஞானஸ்நானப் பெயர் வந்தபோது என் சின்ன மகள் மடியிலிருந்து நிமிர்ந்து, "அது ஆர் அப்பா?" என்று கேட்டாள். அந்தப் பெயரில் அவரை வீட்டில் ஒருவரும் கூப்பிட்டதில்லை. எனக்குமே ஒரு கணம் வேறு ஆரையோ சொல்வது போலத்தான் இருந்தது.

பிறகு சேமக்காலை. சித்தப்பா கனடாவில் இருந்து கறுப்புக் கருங்கல் போடச் சொல்லிக் காசு அனுப்பியிருக்கிறார். அப்பப்பா கேட்டது வெறும் சீமெந்துச் சிலுவை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை, அதனால் கல்லறை இப்போதைக்கு மணல்மேடுதான். (எனக்கென்றால் மணலே போதும். மாமியிடம் இதைச் சொல்ல முடியாது.) காற்றுக்கு மெழுகுதிரி நிற்காது என்று அப்பப்பா வீட்டிலிருந்தே தேங்காய்ச் சிரட்டைகள் கொண்டுவருவார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மணல், நடுவில் திரி, காற்று வரும் பக்கம் இன்னொரு சிரட்டை மறைப்பு. அதே மாதிரி வைத்தோம். நெருப்புப்பெட்டி நனைந்துபோனதால் பக்கத்துக் கல்லறைக்காரரிடம் நெருப்பு வாங்கினோம். இரண்டு திரி நின்றது, மூன்று அணைந்தது.

அங்கிருந்து பாலையூற்று. வான் வண்டியில் எங்களோடு பக்கத்து வீட்டு மாஸ்டரும் வந்தார். சைவக்காரர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், எண்பதைத் தாண்டியவர். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருகையில் எங்கள் கேற்றடியிலும் நிறைகுடம் இருக்கும். அப்பப்பா சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து நிற்பார். மாஸ்டரின் தாயாருக்கு கன்னியா வெந்நீரூற்றில் கிரியை செய்த அன்று, ஏழு கிணற்றுக்கும் வெளியே துவாயைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததும் அவர்தானாம். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்று சொல்லப்படும் கிணறுகள் அவை. மாஸ்டர் வானுக்குள் இதைச் சொன்னபோதுதான் எனக்கே தெரியும்.

லூர்து அன்னையின் திருத்தலம் ஊற்று என்று முடிகிற ஊரில் அமைந்தது அப்பப்பாவுக்குப் பெரிய பெருமை. 1858இல் பிரான்சின் லூர்து நகரில் பெர்னதெத் என்ற பதினாலு வயதுப் பெட்டை கெபி என்கிற குகையடியில் மண்ணைக் கிளறத் தண்ணீர் வந்த கதையைச் சொல்லிவிட்டு, "எங்கட ஊரின்ர பேரிலயே ஊத்து இருக்கு, கிளறத் தேவையில்லை" என்பார்.

கெபிக்கு முன்னால் செபமாலை தொடங்கினோம், மணிக்கு ஒரு மரியாள் செபமாக ஐம்பத்துமூன்று மணி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்து, லத்தீன் பூசை தமிழுக்கு மாறி, பிறகு செபங்களின் தமிழும் மாறியது. நாங்கள் படித்தது "அருள் நிறைந்த மரியே." அப்பப்பா மட்டும் மாறவில்லை. அவருக்குக் கடைசி வரைக்கும் சேசுதான், சர்வேசுரன்தான், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே"தான். பிரியதத்தம் என்பது ஏதோ பெரியம்மாவின் பெயர் என்று பத்து வயது வரைக்கும் நினைத்திருந்தேன்.

இன்றைக்கு அவருடைய தமிழிலேயே சொல்வோம் என்றார் அப்பா. தொடங்கினார். கர்த்தர் உம்முடனே, ஸ்திரீகளுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவள் நீரே... சேசு வரைக்கும் வந்தது. பிறகு வாய் தன்பாட்டில் "தூய மரியே" என்று புதுசுக்குப் போய்விட்டது. மறுபடி தொடங்கினார். மறுபடி அதே இடம். மாமி தன் தொலைபேசியில் தேடினார். மழைக்குத் திரை ஒத்துழைக்கவில்லை.

"அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே."

மாஸ்டரின் குரல். குடைக்குக் கீழே, கையைப் பின்னால் கட்டியபடி, வாய்ப்பாடு சொல்வது போல. "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்..." எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது.

"நாப்பது வருஷமா ஒவ்வொரு பின்னேரமும் மதிலுக்கு இஞ்சால கேட்டதுதானே தம்பி. அவர் மெல்லமாவே சொன்னவர்?"

அப்பா மணியை ஒன்று பின்னுக்குத் தள்ளினார். முன்பாதியை அவர் சொல்ல, பின்பாதியை மாஸ்டர் எடுத்துக் கொடுக்க, நாங்கள் பின்னால் சொன்னோம். இரண்டாம் காரணிக்கத்துக்குள், அதாவது இரண்டாவது பத்து மணிக்குள், சின்னவளுக்கும் பாடமாகிவிட்டது, அர்ச்சியசிஷ்ட மட்டும் அவள் வாயில் நுழையவில்லை. ஐம்பத்துமூன்று மணியும் உருண்டு முடிய மழை விட்டிருந்தது. மாஸ்டர் குடையை மடக்காமல் இன்னும் பிடித்துக்கொண்டே நின்றார்.