பின்வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கு

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைப் பெண்பிள்ளைகள் பந்தடிக்கும்போது பின்வரிசையில் நிற்க ஒருத்திக்கும் விருப்பமில்லை. எல்லாருக்கும் கோல் அடிக்க வேண்டும். அவர்களுக்கு, பிரான்ஸ் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்குப் பின்வரிசையில் ஆடிய வெண்டி ரெனார்டைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

மார்டினிக் தீவில் பிறந்தவர். 8 வயதில் தகப்பனை இழந்தவர். பிரான்சின் தேசியப் பயிற்சி நிலையம் அவரை எடுக்கவில்லை. அப்புறம் லியோன் கழகத்துக்குப் போய், அதோடு ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சம்பியன்ஸ் லீக்கை 8 தடவை வென்றார்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது 2023 பெப்ரவரி. உலகக் கிண்ணத்துக்கு ஐந்தே மாதம் இருக்க, பிரான்ஸ் அணி நடத்தப்படும் முறையை ஏற்கமுடியாது என்று அணித்தலைவியான இவரே விலகினார். பயிற்சியாளரை மாற்றிய பிறகுதான் திரும்பி வந்தார். அந்த உலகக் கிண்ணத்தில் பிரேசிலுக்கு எதிராக 83ஆவது நிமிடத்தில் தலையால் அடித்து வெற்றிக் கோலைப் போட்டவரும் இந்தப் பின்வரிசைக்காரிதான், பிள்ளைகளே!