டொல்பினின் இரண்டு திறப்புகள்

2023 ஒக்டோபரில் ஒரு பின்னேரம். கொழும்பு மரைன் டிரைவில் எங்கள் டொல்பின் வானைக் கடல் பக்கமாக நிறுத்திவிட்டு, நானும் மனைவியும் இறங்கி நின்று கச்சான் கொறித்துக்கொண்டிருந்தோம். முதலில் பிளாஸ்ரிக் கருகும் மணம்தான் வந்தது. ரயில் பாதையோரம் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தோம். திரும்பிப் பார்த்தால் சாரதி இருக்கைக்குப் பின்னால், திரைச்சீலைக்குள் மஞ்சளாக ஒரு வெளிச்சம்.

ஓடிப்போய்ப் பக்கக் கதவை இழுத்துத் திறந்தேன். அன்றைக்கு நான் விட்ட பெரிய பிழை அதுதான். காற்றுப் பட்டதும் திரைச்சீலை குப்பென்று பிடித்துக்கொண்டது. தீயணைப்புக் கருவி இல்லாமல் இல்லை, இருந்தது. கட்டிலுக்கு அடியில், தண்ணீர்க் கானுக்குப் பின்னால்!

மனைவி தீயணைப்புக்கு, 110க்கு அடித்தாள். எதிரே சாப்பாட்டுக் கடைப் பெடியன்கள் வாளிகளோடு ஓடிவந்தார்கள். பின்னால் 2.3 கிலோ காஸ் சிலிண்டர் இருக்கிறது என்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கத்தினேன். வந்தவர்கள் வாளியைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். டயர்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. டீசல் டாங்கி படத்தில் வருவதுபோல் எல்லாம் வெடிக்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்து அணைத்து முடித்தபோது மிஞ்சியது தகரக் கூடும் இருக்கைக் கம்பிகளும். நான் பயந்த சிலிண்டர் மட்டும் கறுத்துப்போய் முழுசாக நின்றது.

அது டொயோட்டா ஹையேஸ், இங்கே எல்லோரும் டொல்பின் என்று சொல்லும் ரகம். 2014இல் வாங்கினோம். மூன்று வருடம் கழித்து தெஹிவளையில் ஒரு தச்சு பாஸைப் பிடித்து உள்ளே கட்டில், மடக்கு மேசை, கைக்குட்டையளவு குசினி எல்லாம் செய்வித்தோம். மன்னார், அறுகம்பை, ஏ9 வழியே யாழ்ப்பாணம் என்று போகாத இடமில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் கரண்டி லாச்சி தானாகத் திறந்து எல்லாவற்றையும் கொட்டும். ஆறு வருடமாக அதைத் திருத்தவில்லை. மகள் அந்த வளைவுக்காகவே விழித்திருப்பாள்.

சரி, அலுவல்களுக்கு வருகிறேன். அன்றிரவே பொலிஸ் முறைப்பாடு பதிய வேண்டும். வாக்குமூலத்தை எழுதிய உத்தியோகத்தர், கூட்டத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுக் காஸ் கசிந்து பிடித்தது என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் போடுமுன் வாசித்துக் காட்டச் சொன்னதால் தப்பினேன். அவரும் முகம் சுளிக்காமல் வெட்டித் திருத்தினார். அந்த ஒரு சொல் அப்படியே போயிருந்தால் காப்புறுதிக் காசை மறந்திருக்கலாம். அடுத்தது மாநகர சபைத் தீயணைப்புத் திணைக்களத்தின் அறிக்கை. மருதானைப் பக்கம் டீ.பி. ஜாயா மாவத்தையிலுள்ள தலைமையகத்தில் கடிதம் கொடுத்து, கட்டணம் கட்டி, காத்திருந்து எடுத்தேன்.

காரணத்தைக் காட்டித் தந்தது பஞ்சிகாவத்தையில் வேலை செய்யும் மெக்கானிக் நண்பன். டோர்ச்சோடு உள்ளே ஊர்ந்து போனவன், இருக்கைத் தண்டவாளத்தின் அடியில் செம்பு வயர் உருகி மிளகளவு உருண்டைகளாக ஒட்டியிருந்ததைக் காட்டினான். ஃபிரிஜுக்கும் மின்விளக்குக்கும் என்று நான் வைத்த இரண்டாவது பற்றரியின் வயர். இருக்கையை முன்னே பின்னே தள்ளத் தள்ள மேலுறை தேய்ந்து, செம்பு தகரத்தில் பட்டிருக்கிறது. பியூஸ் போட்டிருந்தேனே என்றேன். “எந்தப் பக்கம் போட்டாய் மச்சான்?” என்று கேட்டான். விளக்குப் பக்கம். பற்றரி முனையை ஒட்டிப் போட்டால்தான் நடுவில் ஓடும் வயருக்குப் பாதுகாப்பு. மறுமுனையில் போட்டால் அந்த வயர் முழுவதும் காவலில்லாமல் கிடக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான் அது. வானில் இரண்டாவது பற்றரி வைத்திருப்பவர்கள் இதை வாசித்ததும் எழும்பிப் போய்ப் பாருங்கள்.

காப்புறுதிக் கம்பனியோடு ஐந்து மாதம் இழுபட்டது. ஃபுல் இன்சூரன்ஸ்தான், ஆனால் கட்டிலும் அடுப்பும் பற்றரியும் வைத்ததை நான் அறிவித்திருக்கவில்லை. மதிப்பீட்டாளர் அதையே பிடித்துக்கொண்டார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன், பிழை என்னுடையது. ஆனால் கேட்ட ஒரே பத்திரத்தை மூன்று தடவை கேட்டதற்கு என்ன சாட்டு? தொலைபேசியில் கெஞ்சியது எல்லாம் வீண். எழுத்தில் முறையிட்டு, சரிவராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போவேன் என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் கோப்பு அசைந்தது.

கிடைத்தது 28 இலட்சம். காப்புறுதிப் பத்திரத்தில் இருந்த தொகையே அவ்வளவுதான். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய டொல்பினுக்கு விலை எகிறிக்கொண்டே போனது. நானோ பிரீமியம் கூடிவிடும் என்று வருடா வருடம் பழைய தொகைக்கே புதுப்பித்துக்கொண்டு வந்தேன். அதே மாதிரி வான் அப்போது ஐம்பது இலட்சத்துக்குக் குறைய இருக்கவில்லை. உள்ளே இருந்த பாத்திரம், பாய், படுக்கைக்குச் சதம்கூட இல்லை. அவை வாகனத்தில் சேர்த்தியில்லையாம்.

காசோலைக்கு முன் கடைசியாக ஒரு கடிதம் வந்தது: பதிவுப் புத்தகம், கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவம், இரண்டு திறப்புகள். சிரிப்புத்தான் வந்தது. எதைத் திறக்க? ஒன்று என்னிடம் இருந்தது. மற்றது யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் அப்பாவிடம். நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் கோயிலுக்கு வானை அவர்தான் ஓட்டிப் போவார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “நாளைக்கு பஸ்ஸிலை விடுறன்” என்றார்.

விடிகாலை ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் நின்று பொதியை வாங்கினேன். பேப்பரில் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. பிரித்தால் திறப்பு பளபளவென்று இருந்தது. கறள் பிடிக்காமல் எண்ணெய் பூசி வைத்திருந்திருக்கிறார்.

கம்பனி மேசையில் இரண்டையும் வைத்தேன். அங்கே வேலை செய்யும் பிள்ளை அப்பாவின் திறப்பை எடுத்து உறைக்குள் போட்டுவிட்டு, விரலைக் கோப்பின் ஓரத்தில் துடைத்துக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினாள்.